பெயர் ஓடும் நேரம்

திரைப்பக்கம்



சென்ற இதழ் உங்கள் கைக்கு வந்த பிறகு ஒரு தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் குடும்பம் மிங்கலாடோனுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. பதினான்கு வயதில் ஒரு மகள், பதினொன்றில் ஒரு மகன். "கரண்ட் வந்தால் போதும், வெள்ளைக்காரப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்மாளம் போடும் படங்களைத்தான் இரண்டு பேரும் பார்க்கிறார்கள். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. நிறுத்திவிடட்டுமா, விட்டுவிடட்டுமா? சினிமாவைப் பற்றி எழுதுகிறவர் நீங்கள், ஒரு வழி சொல்லுங்கள் அண்ணே" என்று கேட்டிருந்தார்.

இதற்குக் கடிதத்தில் பதில் எழுதுவதைவிட நேரில் போய்ப் பார்ப்பதே நல்லது என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். விமான நிலையத்துக்குப் பக்கத்து வீடு. தலைக்கு மேலே விமானம் இறங்கினால் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. பாட்டி தேநீர் கொடுத்தார். மின்சாரம் வந்தது. பிள்ளைகள் படத்தைப் போட்டார்கள். போட்டதும் மகன் செய்த முதல் வேலை, பெயர் ஓடுகிற பகுதியைத் தள்ளிவிட்டதுதான்.

"ஏன் தம்பி தள்ளுறே?" என்றேன்.

"அதுல ஒண்ணுமில்ல மாமா, வெறும் பேருதான். கரண்ட் போறதுக்குள்ள படத்தைப் பாக்கணும்."

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்போது இந்தத் தள்ளிவிடும் வேலைக்குத் தனிப் பொத்தானே வந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2017இல் அதைக் கொண்டுவந்தது. ஆனால் அன்றைக்கு நான் அந்தப் பையனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். "இன்னிக்கு ஒரு நாள் முழுப் படம் வேண்டாம். நாலு படத்துல முதல் மூணு நிமிஷம் மட்டும் பாப்போம். எழுத்து போடுறதை மட்டும்." பையனுக்கு முகம் சுருங்கியது. அக்காள்தான் சரி என்றாள்.

அந்த மூன்று மூன்று நிமிடங்களில் என்ன பார்த்தோம், அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் இந்த மாதம் நான் எழுதப் போவது.

நம் வீட்டு எழுத்து

முதலில் நம்முடைய வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் படத்துக்குத் தாமதமாகப் புறப்பட்டால் வழியெல்லாம் ஒரே கேள்விதான்: "எழுத்து போட்டிருப்பானா?" தணிக்கைச் சான்றிதழ் வரும். பிறகு கம்பெனி முத்திரை வரும். ஜெமினியின் இரண்டு குழந்தைகள் குழல் ஊதுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. பிறகு நடிகர்கள், பாட்டு, இசை, தயாரிப்பு, கடைசியில் இயக்கம். இந்த வரிசை ஒரு கல்யாணப் பத்திரிகை மாதிரி. யார் பெயர் முதலில், யார் பெயர் தனியாக, யார் பெயர் கூட்டத்தோடு என்பதிலேயே யார் பெரியவர் என்று தெரிந்துவிடும்.

1992இல் வந்த 'அண்ணாமலை' இதை உச்சிக்குக் கொண்டுபோனது. ரஜினிகாந்தின் பட்டமும் பெயரும் புள்ளி புள்ளியாக ஒளிவிட்டு, தேவாவின் இசையோடு ஒவ்வோர் எழுத்தாக வந்து நிற்கும். கதை ஆரம்பிக்கு முன்பே கைதட்டல் முடிந்துவிடும்.

ஆனால் எழுத்து என்பது பெயர்ப் பட்டியலாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதும் நமக்குத் தெரியாததல்ல. 1990இல் வந்த 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தைத் தாமதமாகப் போய்ப் பார்த்தவர்கள் பாதிப் படம் வரை திருதிருவென்று விழித்திருப்பார்கள். நாலு குழந்தைகள் பிறந்ததும் பிரிந்ததும் ஆளுக்கோர் இடம் போய்ச் சேர்ந்ததும், இளையராஜா பாடும் அந்த முதல் பாட்டிலேயே சொல்லி முடிக்கப்பட்டுவிடும். பிரிந்துபோன குடும்பத்தின் கதையை ஒரு பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டு, அப்புறம் இரண்டரை மணி நேரம் சிரிக்க வைத்தார்கள்.

இளைஞர் நகைச்சுவை என்றால் நமக்கு முன்னோடி ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', 1964. அதில் நாகேஷ் செல்லப்பாவாக வருவாரே, நினைவிருக்கிறதா? அப்பாவின் பணத்தில் படம் எடுக்கத் துடிக்கிற பையன். அவனிடம் கதை இல்லை, நடிகர் இல்லை, காசும் இல்லை. கம்பெனிப் பெயர் மட்டும் தயாராக இருக்கிறது: ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்! எழுத்து மட்டும் இருக்கிறது, படம் இல்லை. அறுபது வருடம் கழித்தும் அந்தக் கதாபாத்திரம் ஏன் சிரிப்பு மூட்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். இளவயதில் எல்லோரும் அப்படித்தான். உலகத்துக்கு நம்மை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது என்பதில்தான் முழுக் கவனமும் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்புறம்.

பள்ளிக்கூட நகைச்சுவைப் படங்களின் எழுத்தோட்டம் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. நம் எழுத்து பெரியவர்களை அறிமுகப்படுத்துகிறது. அவர்களுடையது, ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறது என்பதைக் காட்டுகிறது. கூடவே, அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறது.

திரையை விலக்குங்கள்

மேல்நாட்டிலும் ஒரு காலத்தில் எழுத்தை யாரும் மதித்ததில்லை. அரங்கத்தின் துணித்திரை மூடியிருக்கும்போதே அதன் மேல் பெயர்களை ஓட்டிவிட்டு, கதை தொடங்கும்போதுதான் திரையை விலக்குவார்கள். சால் பாஸ் என்ற ஓவியர் 1955இல் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' என்ற படத்துக்கு எழுத்து வடிவமைத்தார். அந்தப் படப்பெட்டிகளோடு, "பெயர் ஓடுவதற்கு முன்பே திரையை விலக்கவும்" என்று ஆபரேட்டருக்கு ஒரு குறிப்பும் போனதாகச் சொல்வார்கள். எழுத்தும் படத்தின் ஒரு பகுதி என்று அன்றுமுதல் பலருக்கும் உறைத்தது.

பிறகு அது பள்ளிக்கூடப் படங்களுக்கும் வந்தது. 1978இல் வந்த 'கிரீஸ்' முழுக்கக் கேலிச்சித்திரத்தால் ஆன எழுத்தோடு தொடங்கியது. 1982இல் 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை' பள்ளிக்கூடத்தைக் காட்டாமல் கடைத்தொகுதியில் தொடங்கியது. பிள்ளைகள் வேலை பார்ப்பதும், சுற்றுவதும், ஒருவரையொருவர் நோட்டமிடுவதும் அங்கேதான் என்று சொல்லாமல் சொல்லிவிட்டது.

இந்தப் படங்களில் பல, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நம் ஆட்கள் வழியாகப் போய்ச் சேர்ந்தன என்பது பலருக்குத் தெரியாது. 1960களில் ரங்கூனை விட்டுக் கப்பலேறிப் போனவர்கள் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே போட்ட கடைகள்தான் பர்மா பஜார். வீடியோ கேசட், வி.சி.டி., டி.வி.டி. என்று காலத்துக்கேற்ப அங்கே எல்லாம் கிடைத்தது. பிழைக்கப் போட்ட கடை, ஒரு பட்டணத்துக்கே வெளிநாட்டுப் படம் காட்டியது.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம்.

பாட்டு சொல்லும் செய்தி

முதலில் '10 திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ'. 1999இல் வந்தது. ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி நாடகத்தை ஒரு பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்த கதை. ஒரு காரில் சில பெண்கள் போகிறார்கள். அப்போது ஊரெல்லாம் ஒலித்த ஒரு துள்ளல் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்தில் ஒரு பழைய கார் வந்து நிற்கிறது. அதற்குள் நம் கதாநாயகி. அவள் காரிலிருந்து வரும் ஜோன் ஜெட்டின் முரட்டுப் பாட்டு அந்தத் துள்ளல் பாட்டை அமுக்கிவிடுகிறது. அந்தப் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் வீட்டின் மேலே போனது. அரை நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தோம். பாட்டியிடம் கேட்டேன்: "என்ன புரிஞ்சுது ஆத்தா?"

"அந்தப் பழைய காருக்காரி யாரோடயும் சேரமாட்டா. சேர மாட்டேங்குறாளா, சேத்துக்க மாட்டேங்குறாங்களான்னுதான் தெரியல" என்றார்.

ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத கிழவி, முழுப் படத்தின் கேள்வியையும் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட எழுத்தோட்டங்களைத் தகப்பனும் தாயும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இங்கே பேச்சு குறைவு. பாட்டு, உடை, நடை, யார் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது, இவைதாம் பாஷை. புதுப் பள்ளிக்கூடத்தில் கால் வைக்கும் நம் பிள்ளைகள் முதல் வாரம் படிப்பதும் இதே பாஷையைத்தான். பாடம் புரியாவிட்டால் ஆசிரியரைக் கேட்கலாம். இதை யாரிடம் கேட்பது?

விளம்பரமா, வாழ்க்கையா?

இரண்டாவது, 'க்ளூலெஸ்'. 1995. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவல்தான் மூலம். எமி ஹெக்கர்லிங் இயக்கினார். 'ஃபாஸ்ட் டைம்ஸ்' படத்தை இயக்கியவரும் அவரே. பளிச்சென்ற நிறங்கள், கார், நீச்சல் குளம், கைநிறையக் கடைப்பைகள், சிரிக்கிற பெண்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கதாநாயகி ஷேரின் குரல் குறுக்கே வருகிறது. இதைப் பார்த்தால் ஏதோ முகத்துக்குப் போடும் கிரீம் விளம்பரம் மாதிரி இருக்கும், ஆனால் தான் சாதாரணப் பெண்தான் என்கிறாள். உடனே கம்ப்யூட்டரைத் தட்டி, அன்றைக்கு எந்தச் சட்டைக்கு எந்தப் பாவாடை பொருந்தும் என்று பார்க்கிறாள்!

மகள் சிரித்தாள். "அவளுக்கு அது சாதாரணம்தானே மாமா" என்றாள். அதுதான் இந்த எழுத்தோட்டத்தின் குறும்பு. பொய் சொல்கிறாள் என்று படம் அவளைக் குற்றம் சாட்டவில்லை. தன் வீட்டைத் தவிர வேறு வீடு பார்க்காத பிள்ளைக்குத் தன் வீடுதான் உலகம். படத்தின் பெயருக்கே 'ஒன்றும் தெரியாதவள்' என்றுதான் பொருள்.

தாயார் கேட்டார்: "இதைப் பாத்துட்டு நம்ம பிள்ளைங்க அதெல்லாம் வேணும்னு கேக்காதா?" கேட்கலாம். கேட்கும் வயதுதான். ஆனால் விளம்பரத்தை விளம்பரம் என்று படமே போட்டு உடைக்கும் இடத்தைத் தள்ளிவிட்டு, மீதியை மட்டும் பார்க்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். அந்த ஒரு நிமிடத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துச் சிரித்தால், கண்டிப்பு செய்கிற வேலையில் பாதியை அந்தச் சிரிப்பே செய்துவிடும்.

தட்டில் எழுதிய பெயர்கள்

மூன்றாவது படத்தில்தான் பையனுக்கு ஆர்வம் வந்தது. 'நெப்போலியன் டைனமைட்', 2004. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சிற்றூர். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு சுருட்டைமுடிப் பையன். சுமார் நான்கு லட்சம் டாலரில் எடுத்த படம் என்பார்கள். அந்த ஊர்க் கணக்கில் அது சில்லறைக் காசு.

எழுத்தோட்டம் இப்படிப் போகிறது. ஒரு மேசை. ஒரு கை ஒரு தட்டை வைக்கிறது. தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் மாதிரி ஏதோ ஒன்று. நடிகரின் பெயர் சாப்பாட்டோடு சாப்பாடாக, சாஸால் எழுதப்பட்டிருக்கிறது. கை தட்டை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கிறது. பிறகு ஒரு மாணவனின் சட்டைப்பையிலும் பையிலும் இருக்கக்கூடிய சாமான்கள், பள்ளி அடையாள அட்டை. பின்னால் ஒரு மெல்லிய கிதார்ப் பாட்டு. ஒரு தட்டும் ஓட்டல் விளம்பரம் மாதிரி அழகாக இல்லை. எல்லாம் பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாடு.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. படத்தை முதலில் திரையிட்டபோது இந்த எழுத்தோட்டமே கிடையாது. பார்த்தவர்கள், உடையையும் சாமான்களையும் கண்டு, இது எந்த வருடத்துக் கதை என்று குழம்பினார்கள். அதன் பிறகுதான் இதை எடுத்துச் சேர்த்தார்கள். தட்டை வைத்தது கதாநாயகனாக நடித்த ஜான் ஹீடரின் கைகள். படத்தை வாங்கிய கம்பெனியில் ஒருவருக்கு அந்தக் கைகள் பிடிக்கவில்லையாம். நகத்தோரம் தோல் உரிந்து பார்க்க நன்றாக இல்லை என்று சொல்லி, கைக்கென்றே ஒரு மாடலை அனுப்பி வைத்தார்களாம். கடைசியில் பார்த்தால் அந்த எழுத்தோட்டத்தில் மூன்று பேருடைய கைகள் கலந்து கிடக்கின்றன என்று படத்தின் இயக்குநரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

நான் இதைச் சொன்னதும் பையன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அசடன் என்று எல்லோரும் ஒதுக்கும் ஒரு பிள்ளையைப் பற்றிய படத்தில், அந்தப் பிள்ளையின் கையே காட்டத் தகுந்ததில்லை என்று சொன்னார்கள் என்றால் வேடிக்கைதானே! படத்தில் அவனுக்குக் கிடைக்கும் சிநேகிதன் பெட்ரோ, மெக்சிகோவிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவன். அதிகம் பேசாதவன். அவன்தான் மாணவர் தேர்தலில் நிற்கிறான். முடிவை நான் சொல்லப்போவதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

"நம்ம வீட்டு எழுத்துன்னா எந்தத் தட்டை வைப்பே?" என்று மகளைக் கேட்டேன். பாட்டி முந்திக்கொண்டு, "இட்டிலிதான், வேற என்ன" என்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் டிபன் பாக்ஸில் என்ன வேண்டாம், என்ன கொடுக்கட்டும் என்று கொஞ்ச நாளாகவே வீட்டில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது என்று தாயார் பிறகுதான் எனக்குச் சொன்னார்.

பாக்கெட்டில் ஒரு துண்டுக் காகிதம்

நாலாவது படத்தின் பெயர் 'மீன் கேர்ள்ஸ்' என்றதும் பாட்டி, "மீன் பிடிக்கிற பிள்ளைங்க கதையா?" என்று கேட்டார். இல்லை ஆத்தா, கெட்ட குணமுள்ள பெண்கள் என்று அர்த்தம் என்றேன். 2004இல் வந்த படம். டினா ஃபே எழுதியது. இதற்கு மூலமான புத்தகம் கதைப் புத்தகமே அல்ல. ரோசலின்ட் வைஸ்மன் என்பவர், பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படிக் கோஷ்டி சேர்த்து ஒதுக்குகிறார்கள் என்று 2002இல் பெற்றோர்களுக்காக எழுதிய புத்தகம். பெற்றோருக்கு எழுதியது பிள்ளைகளின் சிரிப்புப் படமாயிற்று.

தொடக்கம் இப்படி. தாயும் தகப்பனும் குனிந்து நம்மையே பார்க்கிறார்கள். காமிரா கீழே இருக்கிறது, ஒரு சின்னக் குழந்தையின் உயரத்தில் இருப்பதுபோல. இது உன் சாப்பாடு, பால் வாங்க ஒரு டாலர் வைத்திருக்கிறேன், எங்கே வாங்குவது என்று பெரிய பிள்ளைகளைக் கேள் என்கிறார் தகப்பன். வீட்டு டெலிபோன் நம்பர் நினைவிருக்கிறதா, எதற்கும் எழுதித் தருகிறேன், பாக்கெட்டில் வை, தொலைத்துவிடாதே என்கிறார் தாய். நர்சரிக் குழந்தை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது காமிரா திரும்புகிறது. எதிரே நிற்பது பதினாறு வயதுப் பெண். இதுவரை ஆப்பிரிக்காவில் வீட்டிலேயே படித்தவள், இன்றுதான் முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போகிறாள்.

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அக்காள் சிரிக்கவில்லை. தாயார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஊரை விட்டு வரும்போது வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் இந்தப் பெண் அரை நாள் காணாமல் போயிருந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் புத்தகப் பையில் ஒரு துண்டுக் காகிதத்தில் போன் நம்பரை எழுதித் தாயார் வைக்கிறார். வகுப்பில் ஒருத்தி அதை எடுத்துப் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறாள். அதன் பிறகு இவள் பள்ளிக்கூட வாசலுக்குள் நுழையும் முன்பே அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறாள். தாயாருக்கு அது தெரியாது. அவர் நாள் தவறாமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்தக் காட்சியை நான் இரண்டு விதமாகவும் பார்த்தேன், வாசகர்களே. பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் வெட்கம். பெற்றவர் பக்கம் நின்று பார்த்தால் பயம். காமிராவைக் கீழே வைத்து அந்தப் படம் சொல்வதே இதைத்தான்: பெற்றவர் கண்ணுக்குப் பிள்ளை எப்போதும் அந்த உயரம்தான். சிரிப்புப் படம் என்பதால் அதைக் கேலியாகச் சொல்கிறார்கள். ஆனால் கேலிக்குள் குரூரம் இல்லை.

மூன்று நிமிடத்தோடு நிறுத்துவதாகத்தான் பேச்சு. மகள்தான், "இன்னும் கொஞ்சம் ஓடட்டும் மாமா" என்றாள். தாயார் அதற்குள் வந்து கதவோரம் நின்றுவிட்டார். வகுப்பில் புதிதாக ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு மாணவி வந்திருக்கிறாள் என்று அறிவிக்கிறார்கள். ஆசிரியை ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்து வரவேற்கிறார். அந்தப் பெண்ணோ மிச்சிகன்காரி! மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார இடம் தேடி நடக்கிற புதுப்பெண், கடைசியில் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாள்.

அந்த இடத்தில் மகள் படத்தை நிறுத்தினாள். "நான் மாடிப்படிக்குக் கீழே" என்றாள்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. மின்சாரம் போகவில்லை, விமானமும் வரவில்லை. தாயார் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பாட்டியிடம் இன்னொரு தேநீர் கேட்டு வாங்கிக்கொண்டு பையனோடு வாசலுக்கு வந்துவிட்டேன்.

கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

கடிதம் எழுதிய தாயாருக்கு நான் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நிறுத்தவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு விடவும் வேண்டாம். முழுப் படத்துக்கு நேரமில்லாவிட்டாலும் எழுத்து ஓடும் நேரத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். உட்கார்ந்து இந்த நாலைக் கேளுங்கள்.

ஒன்று, முதலில் யாரைக் காட்டினார்கள்? அவன் தனியாக இருக்கிறானா, கூட்டத்தோடு இருக்கிறானா?

இரண்டு, பள்ளிக்கூடத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தான்? காரிலா, பேருந்திலா, நடந்தா? அவனை யார் திரும்பிப் பார்த்தார்கள்?

மூன்று, பாட்டு யாருடைய பாட்டு? சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு தரம் பாருங்கள். அப்போதும் அதே ஆள்தான் பெரியவனாகத் தெரிகிறானா?

நான்கு, நம் பிள்ளை இந்தப் படத்துக்குள் போனால் எங்கே நிற்கும்?

நாலாவது கேள்வியை நேராகக் கேட்காதீர்கள். முதல் மூன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதுவாகவே வரும். "பள்ளிக்கூடத்தில் எல்லாம் சரியா?" என்று தினமும் கேட்கிறோம். "சரி" என்று தினமும் பதில் வருகிறது. படத்தில் வரும் பெண்ணைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் அவளைப் பற்றிச் சொல்கிற சாக்கில் தங்களைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எழுத்து நன்றாக இருப்பதால் படமும் வீட்டில் போடத் தகுந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 2007இல் வந்த 'சூப்பர்பேட்' படத்தின் எழுத்தோட்டம் அருமையானது. இரண்டு நண்பர்களின் நிழலுருவங்கள் ஒரு பழைய பாட்டுக்கு வண்ண வண்ணப் பின்னணியில் ஆடும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே முழுக்கப் பெரியவர்களுக்கான பச்சைப் பேச்சு. அதே வருடம் வந்த 'ஜூனோ', நடந்து போகும் பெண்ணின் உருவத்தைக் காகிதத்தில் நகலெடுத்து வெட்டி ஒட்டியது போன்ற அழகான எழுத்தோடு தொடங்கும். கதை, பதினாறு வயதில் கர்ப்பமாகும் பெண்ணைப் பற்றியது. பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பேசத் தயாரென்றால் பாருங்கள். 'மீன் கேர்ள்ஸ்' படத்திலும் சிறு பிள்ளைகளுக்கு ஆகாத பேச்சு உண்டு. தாயார் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யட்டும்.

மூன்று வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். மகள் தன் போனில் எடுத்த ஒரு சிறு படத்தைக் காட்டினாள். ஒன்றரை நிமிடம்தான். எவர்சில்வர் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. இட்டிலித் தட்டில் மிளகாய்ப் பொடியால் பாட்டியின் பெயர். எலுமிச்சம் சோற்றில் கறிவேப்பிலையை அடுக்கித் தம்பியின் பெயர். அவித்த பட்டாணித் தட்டில் அம்மாவின் பெயர். தட்டை வைக்கும் கை தம்பியுடையது, நகமெல்லாம் மை. கடைசியில் ஒரு கிண்ணம் மொஹிங்கா. அதன் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் இவள் பெயர், தமிழில் ஒரு தரம், பர்மிய எழுத்தில் ஒரு தரம்.

"மொஹிங்கா வீட்ல பண்ணதா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா, கிளாஸ்ல ஒருத்தி கொண்டாந்தா. பர்மிய எழுத்தும் அவ எழுதிக் கொடுத்ததுதான்."

"நம்பர் எழுதின சீட்டு?"

"அது இப்பப் பென்சில் டப்பாக்குள்ள இருக்கு. அம்மா வாரத்துக்கு ஒரு தரம் எழுதினாப் போதும்னு பேசி வச்சிருக்கோம்."

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் தங்கள் வீட்டுக்கு ஓர் எழுத்து எடுத்துப் பார்க்கட்டும். போன் இல்லாவிட்டால் காகிதத்தில் கட்டம் கட்டமாக வரையட்டும். முதல் தட்டில் யார் பெயர், கடைசித் தட்டில் யார் பெயர் என்று அவர்களே முடிவு செய்யட்டும். எனக்கு எழுதி அனுப்பினால் இந்தப் பக்கத்தில் இடம் தருகிறேன்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம். அதுவரை, எழுத்து போடும்போதே போய் உட்காருங்கள்.